அரிசி வரும், சவ வண்டி வராது: கத்தோலிக்கப் பங்குகளில் சமூகப்பணியும் சாதியும்

(சமூகநீதி குறித்த அரங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்கப் பங்குகளில் நடக்கும் சமூகநீதிப் பணியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிறித்தவரல்லாத தோழர்கள் நிறையப் பேர் இருப்பதால் பங்கு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயில், அதற்கு ஒரு பங்குச் சாமியார், அந்தக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்களும் தெருக்களும், இதெல்லாம் சேர்ந்ததுதான் பங்கு. சாமியாருக்கு ஆலோசனை சொல்லப் பங்குப் பேரவை உண்டு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்க அன்பியங்கள் உண்டு. ஏழைகளுக்கு உதவி செய்யவென்றே சபைகள் உண்டு. மழை வெள்ளம் வந்தால் பாய், போர்வை கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுப்பார்கள். விதவைகளுக்கு மாதாமாதம் அரிசி கொடுப்பார்கள். இதைத்தான் பங்கின் சமூகப்பணி என்று சொல்கிறோம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வட மாவட்டம் ஒன்றில், காலனியில் பிறந்தவள். கன்னியர் மடத்து விடுதியில் தங்கித்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அந்த விடுதி இல்லாவிட்டால் நான் இன்றைக்குக் கரும்புக் காட்டில் சோகை உரித்துக் கொண்டிருப்பேன். எனவே திருச்சபை எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் பேசப் போவதில்லை. பள்ளிக்கூடம் கொடுத்தது, மருந்து கொடுத்தது, பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியது. எங்கள் பாட்டிமார் அந்த நன்றியோடுதான் செத்துப்போனார்கள். நான் கேட்க வந்த கேள்வி வேறு. இவ்வளவும் கொடுத்த பங்கு, எதைக் கொடுக்க மறுக்கிறது?

வண்டிச் சாவி

எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் சபை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் நான் கணக்கு எழுதினேன். சபையின் தலைவர் ஊர்த் தெருக்காரர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். காலனியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து அனுப்புவார். வாரம் ஒருமுறை வீடு சந்திக்க வருவார். வாசலில் நின்று நலம் விசாரிப்பார். உட்காரச் சொன்னால் நேரமாகிவிட்டது என்பார். பதினோரு ஆண்டுகளும் அவருக்கு எங்கள் தெருவில் மட்டும் நேரமாகிக்கொண்டே இருந்தது. என்னை "டீச்சர், வாங்க" என்பார். என் வீட்டுக்காரர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அவரை மட்டும் பெயர் சொல்லி "வாடா" என்பார்.

ஐப்பசி மாதம் ஒருநாள் என் மாமியார் இறந்துபோனார். அடைமழை. காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பங்குக்குச் சொந்தமாக ஒரு சவ வண்டி இருந்தது. எல்லாருடைய வரிப் பணத்திலும் வாங்கியது. எங்கள் தெருவிலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள், அந்த ரசீதுகளை எழுதியது நான்தான். ஆனால் வண்டி நின்றது ஊர்த் தெருக் கொட்டகையில், சாவி இருந்தது தலைவர் வீட்டில். அதுவரை காலனியில் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் போய்க் கேட்டேன். பதினோரு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் என்ற உரிமையில் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க டீச்சர். வண்டிய மட்டும் கேக்காதீங்க" என்றார். பிறகு உள்ளே போய் ஐயாயிரம் ரூபாய் கொண்டு வந்து நீட்டினார். செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தோழர்களே, அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கொடுமைக்காரர் ஒருவர் மறுத்திருந்தால் நான் திட்டிவிட்டு வந்திருப்பேன். இவர் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தார், பொது வண்டியின் சாவியைக் கொடுக்கத் தயாராக இல்லை. பணம் கொடுத்தால் அவர் கொடுப்பவர், நான் வாங்குகிறவள். சாவி கொடுத்தால் நானும் அவரும் ஒரே பங்குக்காரர்கள். அந்தச் சமத்துவத்துக்குத்தான் அவரால் வர முடியவில்லை.

பணத்தை வாங்காமல் திரும்பினேன். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பிகளும் பாடையைத் தோளில் சுமந்து, ஊர்த் தெரு வழியாகப் போகாமல், வழக்கம்போல வரப்பு வழியாகச் சேற்றில் இறங்கிப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். எங்களுக்குத் தனி வாசல். சாமியார் எங்கள் பக்கம் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். அவரும் அந்தச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கு

காரியம் முடிந்த பிறகு சபைக் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நான் எழுதிய நோட்டுதான், ஆனால் அதுவரை நானே அதைச் சரியாகப் படித்ததில்லை.

வாங்கியவர்கள் பக்கத்தில் பெயர், தெரு, பொருள் என்று இருக்கும். தெரு என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் காலனி, காலனி, காலனி. கொடுத்தவர்கள் பக்கத்தில் ஊர்த் தெருப் பெயர்கள். இதைப் பார்க்கிற யாரும், ஊர்த் தெரு கொடுக்கிறது, காலனி தின்கிறது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் "பொது வரவு" என்று ஒரு வரி மாதாமாதம் இருந்தது. அது என்ன? பிடி அரிசி. சோறு வடிக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று தனியே வைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். காலனியில் ஏறக்குறைய அறுபது வீடுகளில் அதைச் செய்கிறார்கள். பெரும்பாலும் ரேசன் அரிசிதான். வாரத்துக்கு வீட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் மாதம் நூற்றி இருபது கிலோ. சபை மாதாமாதம் காலனியில் கொடுத்தது இருபத்திரண்டு பேருக்கு ஐந்தைந்து கிலோ, ஆக நூற்றிப்பத்து கிலோ.

புரிகிறதா தோழர்களே? எங்கள் அரிசியை எங்களிடமிருந்தே வாங்கி, கோயில் வாசலில் எங்களையே வரிசையில் நிற்க வைத்து, ஊர்த் தெருக்காரர் கையால் எங்களுக்கே தருமமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. காலனிப் பெண்களைக் கொடுப்பவர்களாக எழுத அந்த நோட்டில் ஒரு கட்டம் இல்லை, எனக்கும் அதைப் போடத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் மட்டும் இல்லை

இதை ஒரு பங்கின் கதையாக மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நொபிலி, உயர்சாதியாரைச் சேர்ப்பதற்காக அவர்களுடைய ஆசாரங்களை ஏற்றுக்கொண்டார். பிறகு அந்த மிஷனில் உயர்சாதிக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்கு வேறு வகைக் குரு என்று பிரித்தே வைத்தார்கள். புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர்களுக்கும் சாதிக் கிறித்தவர்களுக்கும் நடுவே சுவர் இருந்ததையும், அதை எடுக்கச் சொல்லி 1745இல் தகராறு நடந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவரை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் பறையர்கள். ஆக இந்த எதிர்ப்பும் புதிதல்ல, அதற்கும் இருநூற்று எண்பது ஆண்டு வயதாகிறது.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை இரண்டு கால் உள்ள சட்டைபோல இரு பிரிவாகவே கட்டினார்கள், வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் உட்கார வேண்டும் என்பதற்காக. 1910இல் இந்தப் பிரிவினைத் தடுப்பை எடுத்தபோது சாதி உரிமை போய்விட்டது என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பங்கில் சம உரிமை கிடைக்காததால் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். சாதி, தன்னைக் காப்பாற்ற வந்தவர்களையும் பலி வாங்கியது.

திருச்சபைத் தலைமைக்கு இது தெரியாதா? தெரியும். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 208ஆம் சட்டம், திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் மாண்பில் சமம் என்கிறது. தமிழக ஆயர்களை 2003 நவம்பரில் சந்தித்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்பதை அந்த ஆவணமே ஒத்துக்கொள்கிறது. தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகச் சொற்பமே என்பதையும் ஒத்துக்கொள்கிறது. 2022இல்தான் முதல் தலித் கர்தினால் வந்தார், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. பெரும்பான்மை நாங்கள்தான். ஆனாலும் எங்கள் பங்கில் நாங்கள் உதவி பெறுகிறவர்கள்.

டெல்லியில் கேட்பதும் கொட்டகையில் கேட்பதும்

ஆகஸ்ட் 10 எங்களுக்குக் கருப்பு நாள். 1950இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களாக இருக்கும் தலித்துகளுக்கு மட்டும்தான் பட்டியல் சாதித் தகுதி என்றது. பிறகு 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பவுத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. மதத்தைப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. 2004இல் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இதனால் என்ன நடக்கிறது? ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. நானே என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருகை எடுத்திருக்கிறேன். மறைத்து வாழ்கிற அந்தப் பயத்தை அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்குக் கிடையாது, நாங்கள் பட்டியலில் இல்லையே.

இந்த ஆணையை எதிர்த்துப் போராட்டம் என்றால் பங்கில் அறிவிப்பு வரும், கருப்புக் கொடி கட்டுவோம், வேன் பிடித்துப் போவோம். நியாயமான போராட்டம், இனிமேலும் போவோம். ஆனால் மதம் மாறியும் எங்கள் மீது தீண்டாமை இருக்கிறது, அதனால் உரிமை வேண்டும் என்று டெல்லியில் வாதிடுகிற அதே திருச்சபையின் கொட்டகையில்தான் அந்த வண்டி பூட்டிக் கிடந்தது. டெல்லியில் நாம் காட்டும் சாட்சியம் நம் கல்லறைச் சுவர்தானா? அந்தச் சுவரை வைத்துக்கொண்டு வழக்கில் ஜெயிப்பதைவிட, சுவரை இடித்துவிட்டு வழக்கை நடத்துவது நேர்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமை காரணமாகத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியில் இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

எரியாத அடுப்பு

நோட்டுக் கணக்கைக் காலனிப் பெண்களிடம் சொன்னேன். மறுநாளே எல்லாரும் கோபப்பட்டுக் கிளம்பினார்கள் என்று சொன்னால் அது பொய். சேலையையும் அரிசியையும் வாங்கக்கூடாது என்று இளைஞர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அப்போது ஒரு விதவை எழுந்தார். "உனக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வருது டீச்சர். எனக்கு ரேசன் அரிசி மாசக் கடைசி வரைக்கும் வராது. உன் மானத்துக்கு நான் பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மரியாதை கேட்டு நடத்தும் போராட்டத்தின் செலவை மிக ஏழையானவள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அன்றைக்குக் கூட்டம் முடியாமலே கலைந்தது.

வழி சொன்னதும் அந்தப் பெண்தான். அடுத்த வாரம் வந்து, "பிடி அரிசிய அங்க ஏன் கொண்டுபோறீங்க? இங்கயே வைங்க" என்றார். அப்படியே செய்தோம். அரிசி எங்கள் தெருச் சிற்றாலயத்தில் சேர்ந்தது. இருபத்திரண்டு பேருக்கும் வீட்டுக்கே போய்க் கொடுத்தோம். யாரும் வரிசையில் நிற்கவில்லை. முதல் மாதமே எட்டுக் கிலோ மிச்சம். ஊர்த் தெருவில் கணவனை இழந்து, பிள்ளைகள் கைவிட்ட ஒரு பாட்டி இருந்தார். அவருக்கும் அதிலிருந்து கொடுத்தனுப்பினோம். அவர் வாங்கிக்கொண்டார் தோழர்களே. ராத்திரி வந்து வாங்கிக்கொண்டார், அது வேறு விசயம்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கோயில் மண்டபத்தில் சேலைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று சாமியார் கேட்டு வந்தார். நாங்கள் நோட்டையும், வண்டி வாங்க நாங்கள் கட்டிய வரியின் ரசீதுகளையும் அவர் முன்னால் வைத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. வண்டி விசயம் பேரவையில் மூன்று முறை வந்து மூன்று முறையும் தள்ளிப்போனது. ஊர்த் தெருவில் கோயில் வரி கட்டமாட்டோம் என்றார்கள். ஏழாவது மாதம், வண்டியைக் கோயில் வளாகத்தில் நிறுத்துவது, சாவி சாமியார் வீட்டில் இருப்பது, யார் கேட்டாலும் கொடுப்பது என்று தீர்மானம் ஆனது. பேரவையில் காலனிக்கு இருந்த இரண்டு இடம் ஐந்தானது. பழைய தலைவர் பொறுப்பை விட்டு விலகிக்கொண்டார். இப்போது என்னைப் பார்த்தால் பேசுவதில்லை.

அந்த வண்டியில் எங்கள் தெருவிலிருந்து முதலில் போனது அந்த விதவைதான். ஊர்த் தெரு வழியாகவே போனார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு சின்னப் பெண் திண்ணையில் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். சுவர் இன்னும் இருக்கிறது. வண்டி ஊர்த் தெரு வழியாக வந்து, கல்லறைத் தோட்டத்தில் தனி வாசலில்தான் நுழைந்தது.

இதை ஏன் வெளியே சொல்கிறாய்?

சாமியார்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். சிறுபான்மையினர் மீது தாக்குதல் நடக்கிற காலத்தில் இதையெல்லாம் வெளியே பேசினால் மதவெறியர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்று. நான் சொன்னேன்: ஆயுதத்தை நான் செய்யவில்லை. சுவராகக் கட்டி வைத்திருப்பவர்கள் செய்திருக்கிறார்கள். மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் போடுகிறவர்கள் எங்களுக்குச் சவ வண்டி தரப்போவதில்லை. அவர்கள் ஊரிலும் சேரி தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களைக் காட்டி எங்களை வாய்மூடச் சொல்வதையும் ஏற்கமாட்டோம். மதம் மாறிய தீண்டப்படாதவரின் நிலை என்ன என்று அம்பேத்கர் அன்றைக்கே கேட்டு எழுதினார். அந்தக் கேள்விக்குத் திருச்சபைக்குள் இருந்தே பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

அதனால் பங்குகளில் பணி செய்கிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு எத்தனை சேலை கொடுத்தோம், எத்தனை மூட்டை அரிசி கொடுத்தோம் என்று அறிக்கை எழுதும்போது, கூடவே நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பேரவையில் காலனிக்காரர் எத்தனை பேர்? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? உதவி கொடுக்கப் போனவர் அந்த வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாரா? கல்லறைக்கு எத்தனை வாசல்? இந்த நான்குக்கும் பதில் எழுத முடியாத பங்கில் நடப்பது தருமம்தான். அதைச் சமூகநீதி என்று எழுதாதீர்கள்.

வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் பங்கில் காலனிப் பெண்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு பெரிய வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்திருக்கிறோம். சாமியாருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டோம், காவல் நிலையத்துக்கும் கொடுத்துவிட்டோம். எங்கள் பக்கத்துக் கல்லறைகளுக்குப் போகிற வழி அதுதான், வேறு எங்கேயும் போகப்போவதில்லை. என்ன நடக்கும் என்று தெரியாது. இங்கே இருக்கிற தோழர்களால் முடிந்தால் வாருங்கள். மெழுகுவர்த்தியை நாங்களே தருகிறோம்.

ஜெய்பீம்.